மறுநாள் மாலை எங்களைக் கேளுங்கள்: பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்றுநர்களுக்கு,

வணக்கம்.

உடற்பயிற்சிக் கூடங்களிலும் ஓட்டக் குழுக்களிலும் நீச்சல் குளங்களிலும் பள்ளி, கல்லூரி மைதானங்களிலும் எங்களுக்குப் பயிற்சி தருகிற உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் உங்களில் ஒருவரிடம் பயிற்சி பெற்று வந்தவன் நான். முதுகை எப்படி வைத்துக்கொண்டு எடையைத் தூக்க வேண்டும், எந்த இடத்தில் மூச்சை விட வேண்டும், முழங்கால் எந்தப் பக்கம் சாயக் கூடாது என்பதெல்லாம் உங்களிடம் கற்றதுதான். அந்த நன்றி எனக்கு உண்டு. அந்த உரிமையில்தான் ஒன்று கேட்கிறேன். நோயில் விழுந்து எழுந்து வருகிறவரை, விடுமுறை முடிந்து வருகிறவரைப் போல நடத்தாதீர்கள்.

எனக்கு நிமோனியா வந்தது. ஒன்பது நாள் காய்ச்சல். அதில் ஐந்து நாள் மருத்துவமனைப் படுக்கை. வீடு திரும்பியபோது கையில் கொடுத்த தாளில் மாத்திரைகளின் பெயர், வேளை, அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் இருந்தன. உடம்பை எப்போது, எவ்வளவு அசைக்கலாம் என்பதற்கு மட்டும் ஒரே ஒரு சொல்: ஓய்வு. எத்தனை நாள், அதற்குப் பிறகு என்ன என்று எதுவும் இல்லை. (மருத்துவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், இதில் அவர்களை விட்டுவிடுகிறேன்.)

வெளியே போய்ப் பத்து அடி நடக்கலாம் என்று முதன்முதலாக எழுந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. குனிந்து ஒரு காலின் ஷூ கயிற்றைக் கட்டி நிமிர்ந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் துடிப்பது காதில் கேட்டது. மற்றக் காலின் கயிறு அவிழ்ந்தபடியே கிடந்தது. அதைக் கட்ட இன்னொரு முறை குனிய எனக்குத் துணிவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு 60 கிலோ எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தவன் நான்.

ஐந்தாவது வாரம் கூடத்துக்குப் போனேன். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, சாப்பாடு இறங்கியது. என் பயிற்றுநருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. அலமாரியிலிருந்து என் பழைய பயிற்சி அட்டையை எடுத்து வந்தார். அவர் கருணை இல்லாதவர் அல்லர். "இன்று எல்லாவற்றிலும் பாதி போதும்" என்றுதான் சொன்னார். பாதி எடை, பாதி செட். செய்தேன். முடிந்தது. வியர்த்தது. கண்ணாடியில் பார்த்தபோது பழைய முகம் திரும்பியிருந்தது. அவர் என் தோளில் தட்டினார். நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எழுந்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. பிற்பகலுக்கு மேல்தான் தொடங்கியது. கை கால்களை யாரோ ஈரச் சாக்கில் சுற்றிவிட்டதைப் போன்ற கனம். பயிற்சிக்குப் பின் வரும் தசை வலி எனக்குப் பழக்கமானது, இது அதுவல்ல. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் சொல் கிடைக்காமல் நின்றேன். அதற்கு அடுத்த நாள் காலை, படுக்கையை விட்டு எழுமுன் நாடியைப் பார்த்தேன்: 88. வழக்கமாக 62. மூன்று நாள் எழ முடியவில்லை. அந்த மூன்றாம் நாள் செய்தி வந்தது: ஏன் வரவில்லை, விட்டால் உடம்பு மறந்துவிடும், அன்று நன்றாகத்தானே செய்தீர்கள்?

வெட்கப்பட்டுக்கொண்டு நான்காம் நாள் போனேன். பாதி அட்டையையே மறுபடியும் எடுத்தோம். இரண்டாவது செட் முடிவதற்குள் கண்ணாடியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சுகளில் எல்லாம் ஆள் இருந்தார்கள். சும்மா உட்கார அந்தக் கூடம் முழுவதிலும் ஒரு நாற்காலி இல்லை. அதன்பின் மூன்று வாரம் படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவில் கழிந்தது.

இதை அவரைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. அவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'நன்றாகத்தானே செய்தீர்கள்?' ஆமாம், செய்தேன். அவர் கண்ணால் பார்த்த அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. நோய் முடிந்த உடம்பு பதில் சொல்வது அந்த மணி நேரத்தில் அன்று. மறுநாள் பிற்பகலில், சில வேளை அதற்கும் அடுத்த நாளில் சொல்லும். அப்போது நீங்கள் எங்கள் அருகில் இருப்பதில்லை. உங்கள் கண்ணும் காதும் எவ்வளவு தேர்ந்தவையாக இருந்தாலும் வகுப்பு முடிந்த பிறகு நடப்பதை அவை பார்ப்பதில்லை. ஆகவே, திரும்பி வருகிறவரின் பயிற்சியை அந்த மறுநாளைக் கேட்டுவிட்டு வகுத்துக் கொடுங்கள். இந்த மடல் முழுவதும் நான் கேட்பது இதைத்தான்.

இது என் ஒருவனின் அனுபவம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உழைப்புக்குப் பின் பல மணி நேரம் கழித்து வந்து, நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் தங்கும் சரிவை மருத்துவ உலகம் நன்றாக அறியும். நாள்பட்ட சோர்வு நோய் என்று சொல்லப்படும் நோயின் முதன்மையான அடையாளமே அதுதான். அந்த நோயாளிகளுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையைப் பிரிட்டனின் வழிகாட்டும் அமைப்பான நைஸ் 2007-இல் பரிந்துரைத்திருந்தது. நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி, 2021 அக்டோபரில் வெளியான புதிய வழிகாட்டலில் அதே அமைப்பு அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. முன்கூட்டியே வகுத்த கால அட்டவணைப்படி அளவை ஏற்றிக்கொண்டே போவதுதான் அங்கே தவறாகிப் போனது. கோவிட் வந்து போன பலரும் இதே சரிவைச் சொன்னார்கள். காய்ச்சல் கண்ட எல்லோருக்கும் இது வருவதில்லை, பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் வாசலில் வந்து நிற்பவர் இவர்களில் யார் என்பது முதல் நாள் உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மறுநாளைக் கேட்டால் தெரியும்.

படுக்கை ஓர் உடம்பை என்ன செய்கிறது என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும். 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். ஐவரும் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்கள். ஒரு காய்ச்சலும் இல்லை, ஒரு கிருமியும் இல்லை. வெறும் படுக்கை மட்டுமே. எழுந்தபோது, கடும் உழைப்பில் உடல் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு அவர்களுக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரை மறுபடியும் அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதம், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவாக இருந்தது. நலமாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி. இதனோடு காய்ச்சலையும் பட்டினியையும் தூக்கமில்லாத இரவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய அட்டையில் பாதி என்பது எவ்வளவு பெரிய எண் என்று விளங்கும்.

படுத்த சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிடக் குறைவான இரத்தத்தையே வெளியே தள்ளுகிறது. ஈடுகட்ட வேகமாகத் துடிக்கிறது. நான் ஷூ கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது கண் இருட்டியதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதே சமயம் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் கரைகின்றன. முதியவர்களிடம் இது இன்னும் விரைவு. உங்கள் கண்ணுக்குத் தெரிவது தசை மெலிவு மட்டும்தான். தசையைத் திரும்பக் கட்டுவதில் நீங்கள் வல்லவர்கள். அதனால் அதிலிருந்தே தொடங்கிவிடுகிறீர்கள். உள்ளே நடந்தது வேறு பல.

இதயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. சாதாரணமாகச் சளிக் காய்ச்சல் தரும் வைரஸ்கள் சிலரிடம் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் கடுமையாக உழைத்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். திடீர் மரணம்வரை போகலாம். 1970-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயத்தைத் தாக்கும் காக்சாக்கி வைரஸ் ஏற்றப்பட்ட சுண்டெலிகளை நீந்தவைத்தார்கள். சும்மா விடப்பட்ட எலிகளைவிட, நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியிருந்தது. அதிக எலிகள் இறந்தன. காய்ச்சலோடு வந்து 'வியர்த்தால் போய்விடும்' என்று ஓடுகிற இளைஞரை நீங்கள் தடுத்து நிறுத்த வேண்டியது இதனால்தான். வியர்த்தால் காய்ச்சல் போய்விடாது. காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி கிடையாது. மூக்கடைப்பும் தொண்டைக் கரகரப்பும் மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம். கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதாவது நெஞ்சில் சளி, உடம்பு முழுவதும் வலி, வயிற்றுப்போக்கு என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அல்போன்சோ டேவிஸ் என்ற கால்பந்து வீரரை உங்களில் பலருக்குத் தெரியும். பயர்ன் மியூனிக் அணிக்கும் கனடாவுக்கும் ஆடுகிறவர், மின்னல் வேகக்காரர். 2022 ஜனவரியில் கோவிட்டுக்குப் பிறகு அவருடைய இதயத் தசையில் லேசான அழற்சி இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அப்போது அவருக்கு 21 வயது. உடனே நிறுத்தினார்கள். ஏப்ரல்வரை அவர் களத்தில் இறங்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கனடா 1986-க்குப் பிறகு முதன்முறையாக ஆண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அவர் இல்லாமலே பெற்றது. அணியின் நட்சத்திரமாக இருந்தும் அவர் காத்திருந்தார், காத்திருக்க வைத்தார்கள். இதயத் தசை அழற்சி உறுதியானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம்வரை போட்டி விளையாட்டு வேண்டாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கின்றன. உலகக் கோப்பைக்கே பொறுத்திருக்க முடியுமானால், எங்கள் வார இறுதி ஓட்டத்துக்குப் பொறுத்திருக்கக் கூடாதா?

நெஞ்சு வலி, நெஞ்சில் அழுத்தம், செய்கிற வேலைக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, காரணமில்லாத படபடப்பு, மயக்கம். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் 'கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது. அடுத்த பயிற்சி மருத்துவர் பார்த்த பிறகுதான். நெஞ்சு வலியோ மயக்கமோ என்றால் அந்தக் கணமே மருத்துவமனை.

பல நாள் படுத்து எழுந்தவரிடம் ஒரேயடியாக நூறு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்) வாங்கிவிட்டால் தசை நார்கள் சிதைந்து சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போகலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் அபாயம். அதற்கும் அந்தக் கணமே மருத்துவமனைதான்.

மருந்துகளைக் கேட்கிறீர்களா? ஆறு ஆண்டுகளில் என்னிடம் எந்தப் பயிற்றுநரும் 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டதில்லை. புரதப் பொடி எது என்று கேட்டிருக்கிறார்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களைப் பலவீனப்படுத்தலாம். சிலருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தே போயிருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இல் இதற்காக உச்ச எச்சரிக்கையை மருந்தின் உறைத்தாளிலேயே இடவைத்தது. மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் இது நேரலாம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். அத்தகைய ஒருவரை வந்த முதல் வாரமே கயிறு தாண்டச் சொல்கிறீர்கள், பெட்டியின் மேல் குதிக்கச் சொல்கிறீர்கள். குதிகாலில் லேசாக வலிக்கிறது என்று அவர் சொன்னால் 'நீட்டி விடுங்கள், சரியாகிவிடும்' என்கிறீர்கள்.

இன்னொன்று, இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள். அவை நாடித்துடிப்பை ஏற விடுவதில்லை. கையில் கட்டிய கடிகாரம் 105 காட்டுகிறது, இன்னும் ஓடலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவரோ தம் எல்லையைத் தொட்டிருப்பார். அவரிடம் கடிகாரத்தை நம்ப முடியாது. அவர் வாயால் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

வாயால் சொல்வதை அளக்கவும் வழி இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 6 என்றால் சும்மா இருப்பது. 20 என்றால் இனி ஒரு நொடியும் முடியாது. செய்பவரே தம் சிரமத்துக்கு எண் சொல்ல வேண்டும். நலமான இளைஞர் ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ அவருடைய நாடித்துடிப்பு வரும் என்பதால்தான் 6-இல் தொடங்குகிறது. கோவிட்டுக்குப் பின் பயிற்சிக்குத் திரும்புவோருக்காகப் பிரிட்டன் மருத்துவ இதழ் ஒன்றில் 2021-இல் வெளியான வழிகாட்டல் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டது. அறிகுறி எதுவும் இல்லாமல் ஏழு நாள் கழிய வேண்டும். அதன்பின் குறைந்தது இரண்டு வாரம் மிக மிக லேசான உழைப்பு. பிறகு படிக்கு ஏழு நாளாவது தங்கித் தங்கி ஏற வேண்டும். தேறுவது தடைப்பட்டால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். அந்த இதழைத் தேடிப் படிக்க நேரமில்லை என்றால் இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது: எங்களைப் பேசவிடுங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் அந்த அளவு போதும். மூச்சுக்காக வாக்கியத்தை வெட்டிக்கொண்டால் குறைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு விதமாக விட்டுப்போகிறது. டெங்கு போன பின்பும் அசதி வாரக்கணக்கில் நீடிக்கலாம். சிக்குன்குனியா கணுக்காலையும் மணிக்கட்டையும் விரல் மூட்டுகளையும் மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கலாம்; அந்தக் கைகளை ஊன்றி உடலைத் தாங்கும் பிளாங்க் நிற்பது கொடுமை. சுரப்பிக் காய்ச்சல் (மோனோநியூக்ளியோசிஸ்) மண்ணீரலை வீங்கவைக்கிறது. மோதல் உள்ள விளையாட்டில் அடிபட்டால் அது கிழியலாம். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு வெளித்தோல் ஆறியிருக்கும், உள்ளே தசைச் சுவர் ஆறியிருக்காது. இவை எல்லாவற்றையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'என்ன நோய், எத்தனை நாள் படுத்திருந்தீர்கள், மருத்துவர் என்ன சொன்னார்?' என்று தனியாக உட்காரவைத்துக் கேட்டால் போதும். மற்றவர்கள் காதில் விழும்படி கேட்காதீர்கள். நோயைச் சொல்ல எல்லோருக்கும் வாய் வருவதில்லை.

இவ்வளவும் சொன்னதும் நீங்கள் பயந்து எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்ற கவலையும் எனக்கு உண்டு. அதுவும் வேண்டாம். ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்தார்கள். 1952-இல் சாமுவேல் லெவின், பெர்னார்டு லௌன் என்ற இரு மருத்துவர்கள் 81 நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். உட்காரவைத்தால் இறந்துவிடுவார்கள் என்று அப்போது பலர் பதறினார்கள். உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். இன்று மாரடைப்புக்குப் பிந்தைய மறுவாழ்வில் உடற்பயிற்சிதான் நடுநாயகம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களையும் முன்பு ஓய்வெடுங்கள் என்றுதான் சொல்லிவந்தார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு 2010-இல் அவர்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை, சும்மா இருப்பதைத் தவிருங்கள் என்பது. உடம்பை அசைப்பது எங்களுக்கு நல்லது. நீங்கள் எங்களுக்கு வேண்டும். இன்னும் சொன்னால், நலமாக இருக்கிற எவரையும்விட எங்களுக்குத்தான் நீங்கள் அதிகம் வேண்டும்.

லெவினும் லௌனும் படுக்கைக்கும் நடைக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டார்கள். உங்கள் கூடத்தில் அந்த நடு இடம் இல்லை. டிரெட்மில் இருக்கிறது, வெளியே போகும் கதவு இருக்கிறது.

மூன்று வாரச் சரிவுக்குப் பிறகு நான் கண்டுகொண்ட முறையைச் சொல்கிறேன். சிறியது, ஆனால் எனக்குப் பலித்தது. பழைய அட்டையை உறையில் போட்டு மூடிவைத்துவிட்டேன். புதிய நோட்டில் முதல் நாள் எழுதியது: நடை, 6 நிமிடம். அதற்குப் பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அந்தக் கட்டத்தை மறுநாள் மாலைதான் நிரப்புவேன். காலை நாடி எவ்வளவு, தூக்கம் எப்படி, பிற்பகலில் அந்த ஈரச் சாக்கு வந்ததா? காலை நாடி வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடியிருந்தால் அன்று பயிற்சி இல்லை. இரண்டு மாலைகள் தொடர்ந்து ஒன்றும் இல்லை என்றால்தான் ஒரு நிமிடம் கூட்டுவேன். முடிகிற நாளிலும் கூட்டவில்லை. அதுதான் கடினமாக இருந்தது. நன்றாக இருக்கிற நாளில் கூடுதலாகச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை காய்ச்சலைப் போல ஏறும். பன்னிரண்டாம் நாள் 11 நிமிடம் நடந்தேன். மறுநாள் கட்டம் மோசமாக இருந்தது. 8-க்கு இறங்கினேன். ஐந்து நாள் 8-லேயே இருந்தேன். எட்டாம் வாரம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்ந்தேன். அதைத்தான் நீங்கள் ஸ்குவாட் என்கிறீர்கள். முதுகை நிமிர்த்து, குதிகாலை ஊன்று என்று நீங்கள் கற்றுக்கொடுத்தது எல்லாம் அப்போது கை கொடுத்தது.

இந்த நோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாதா? திரும்பி வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். செய்ததை நீங்கள் எழுதுங்கள், மறுநாள் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மறுநாள் மாலை ஒரு வரிச் செய்தி அனுப்பி, பதிலை அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். அது வராமல் அடுத்த படி இல்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த அந்த 'ஏன் வரவில்லை' என்ற செய்தியை அனுப்ப ஆகும் நேரத்தைவிட ஒரு நொடியும் அதிகம் பிடிக்காது.

அந்தச் செய்தியை நிறுத்தவும் வேண்டும். நாங்கள் பொய் சொல்வதற்கு அதுதான் காரணம். தொடர்ச்சியாக வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் சுவரில் தொங்குகிறது. படுத்திருந்தவரின் பெயர் அதிலிருந்து விழுந்துவிடுகிறது. கட்டிய பணத்துக்கான நாள்கள் படுக்கையில் கிடக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாள் வீணாகிறதே என்று ஒருவர் ஒரு வாரம் முன்னதாக எழுந்து வந்துவிடுகிறார். மருத்துவச் சீட்டைக் காட்டினால் அந்த நாள்களை நிறுத்திவையுங்கள். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'ஓய்வில்' என்று எழுதுங்கள், பெயரை எடுக்காதீர்கள். பள்ளி மைதானங்களில் பயிற்சி தருகிறவர்களிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அணியில் இடம் போய்விடும் என்ற பயத்தில் பிள்ளைகள் நெஞ்சு வலியைக்கூட மறைப்பார்கள். அவர்கள் இடம் காத்திருக்கும் என்று நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னால்தான் நம்புவார்கள்.

உங்கள் சுவர்களில் வில்மா ருடால்ஃபின் படத்தைப் பார்த்திருக்கிறேன். போலியோ வந்து காலில் உலோகப் பட்டை கட்டியிருந்த சிறுமி, 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அவரைக் காட்டுகிறீர்கள். அவருடைய வரலாற்றின் நடுப்பகுதி அந்தப் படத்தில் இல்லை. அவர் வீட்டார் முறைவைத்து நாள்தோறும் அவருடைய காலைப் பிடித்துவிட்டார்கள். சிகிச்சைக்காக வெகுதூரம் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போய் வந்தார்கள். அது மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்தக் காலுக்கு எவரும் கெடு வைக்கவில்லை.

நான் இப்போது 35 நிமிடம் நடக்கிறேன். ஒரு மாடி ஏறி, மேலே நின்று முழு வாக்கியம் பேச முடிகிறது. எடை எதையும் இன்னும் தொடவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டார், தொடங்கலாம் என்றார். வரும் திங்கட்கிழமை கூடத்துக்கு வருகிறேன், அதே பயிற்றுநரிடம்தான். கையில் நோட்டு இருக்கும். எனக்கு முன்பும் பின்பும் இப்படி வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களில் பலர் எதையும் சொல்ல மாட்டார்கள். எங்களுக்காகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் பயின்று வரும் ஒருவன்